தத்துவம் படித்தவருக்கு ஊரில் என்ன வேலை?

புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் நம் வாசகர் வட்டத்துக்கு அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்.

தத்துவப் பேராசிரியர் ஆய்வு செய்கிறார் என்கிறீர்களே, எதை ஆய்வார்? (மளிகைக் கடைக்காரர், முத்தியால்பேட்டை)

ஒருவர் சொல்லும் முடிவை, அதற்கு அவர் காட்டும் காரணம் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. ஒரே பத்தியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வகுப்பு நடக்கும். ‘சுதந்திரம்’ என்ற சொல் முதல் வரியில் ஒரு பொருளிலும் கடைசி வரியில் வேறு பொருளிலும் வந்திருக்கும். மாணவரே அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பேன்.

ஆன்மிகச் சொற்பொழிவும் இதுவும் ஒன்றுதானே? (ஓய்வு பெற்ற ஆசிரியை, வில்லியனூர்)

இல்லை, அம்மா. பக்கத்து மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரையே பாருங்கள். அவர் எழுதிய சிவஞானபோதத்தில் நூற்பா பன்னிரண்டுதான். அவற்றை விளக்கும்போது மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரிசையாக வைக்கிறார். அங்கே மேற்கோள் என்பது பிறர் வாக்கு அன்று, அவர் நிறுவ வந்த கருத்து. ஏது, அதற்கான காரணம். காரணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், அது போதாது என்று மறுக்கக் கேட்பவருக்கு வழி பிறக்கிறது. சொற்பொழிவு தரும் ஆறுதலை நான் மதிக்கிறேன். ஆனால் வகுப்பில் மறுப்பவர் இல்லாவிட்டால் அன்றைய பாடம் நடக்கவில்லை என்றுதான் கொள்வேன்.

மருத்துவ ஆய்வுகளை அனுமதிக்கும் அறநெறிக் குழுவில் தத்துவம் படித்தவருக்கும் இடம் உண்டாமே. மருத்துவம் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை? (செவிலியர், கடலூர் முதுநகர்)

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அந்த இடம் உண்டு. அப்படி ஒரு குழுவில் நானும் சில ஆண்டுகள் இருந்தேன்.

ஒருமுறை புது மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவம் வந்தது. தமிழில் ஆறு பக்கம். ‘நீங்கள் மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை தொடரும்’ என்ற வரி ஐந்தாம் பக்கத்தின் அடியில் இருந்தது. மருந்தின் அளவு, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன என்றார்கள் மருத்துவர்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: மீனவக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பாட்டி, மறுத்தால் வைத்தியம் நின்றுவிடும் என்று பயந்து கைநாட்டு வைத்தால் அது ஒப்புதலா? அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அந்த வரி முதல் பக்கத்துக்கு, பெரிய எழுத்தில் வந்தது. என் பணிக்காலத்தில் நான் செய்த நல்ல வேலைகளில் அதை முதலில் வைப்பேன்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. சோதனைக் குழாய்க் குழந்தை பற்றி ஆராய பிரிட்டன் அரசு 1982இல் அமைத்த குழுவுக்கு மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமை தாங்கினார். மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கக் கூடாது என்று அவர் குழு 1984இல் பரிந்துரைத்தது. உடலின் அச்சாகும் முதல் கோடு கருவில் தோன்றுவது அந்த நாளையொட்டித்தான். 1990இல் அது சட்டமாயிற்று. எங்கே கோடு போடுகிறோம், ஏன் அங்கே போடுகிறோம் என்று எல்லாருக்கும் விளங்கச் சொன்னதால் அது நிலைத்தது.

தத்துவம் படிக்க ஆசை. வேலை கிடைக்காது என்கிறார் அப்பா. (பிளஸ் டூ மாணவி, நெல்லிக்குப்பம்)

அம்மா, உன் அப்பாவின் கவலை நியாயமானது. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான ‘நெட்’ தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றும் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகளைக் கழிப்பவர்களை அறிவேன். முதலில் கைகொடுக்கும் ஒரு பட்டம் படி. பிறகு எம்.ஏ. தத்துவத்துக்கு வரலாம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. குடிமைப் பணித் தேர்விலும் தத்துவம் விருப்பப் பாடம். 2013 முதல் அறவியலுக்கென 250 மதிப்பெண்ணில் ஒரு தாளும் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் இதைப் படிக்காதே. ஒரு கேள்வி உன்னைத் தூங்கவிடாமல் செய்தால் படி.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் உங்களுக்கு வேலை இருக்குமா? (மென்பொருள் ஊழியர், லாஸ்பேட்டை)

கூடியிருக்கிறது. ஒருவருடைய கடன் விண்ணப்பத்தை இயந்திரம் தள்ளிவிட்டால் காரணம் சொல்ல வேண்டியவர் யார்? தவறுக்குப் பொறுப்பு யாருடையது? இவை கணக்குப் போட்டுத் தீரும் கேள்விகள் அல்ல.

நீங்கள் ஏன் எங்களுக்குப் புரியும் தமிழில் எழுதுவதில்லை? (வாசகர், அரியாங்குப்பம்)

இந்தக் கேள்வி என்னைச் சுட்டது. பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். நாங்களும் அந்த வழியே போனோம். இதே புதுச்சேரியில் ‘ஆர்யா’ என்ற மாத இதழில் 1914 முதல் 1921 வரை அரவிந்தர் தத்துவம் எழுதினார், அதுவும் ஆங்கிலத்தில்தான். ஆனால் இதே ஊரில் வாழ்ந்த காலத்தில்தான் பாரதியார் கீதையைத் தமிழில் பெயர்த்தார். தமிழால் முடியாது என்று சொல்ல எங்களுக்கு இடமில்லை.

முன் சொன்ன குழுவில் பொதுமக்கள் சார்பில் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் இருந்தார். ‘தன்னாட்சி’ என்று நான் நீட்டி விளக்கியபோது, “என் உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவன் நான், அதுதானே ஐயா?” என்றார். அதுவேதான். அன்றிலிருந்து தமிழில் எதை எழுதினாலும் முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். இந்தப் பதில்களில் இரண்டை அவர் சொல்லித்தான் திருத்தினேன்.