பெற்றோருடன் டிஸ்னி வேர்ல்டு போகிறோம். மோனோரயிலே போதுமா, கார் வேண்டுமா?

கார் வேண்டும். கார் இல்லையென்றால் டிஸ்னிக்காரர்கள் ஓட்டும் பஸ் வேண்டும். தூண்மேல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலை மட்டும் நம்பி வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இதே கேள்விக்கு ஒருவர், "மோனோரயில் இலவசம், ரிசார்ட் முழுக்கச் சுற்றும், ஏறி உட்கார்ந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார். ஆதரவு வாக்குகளும் குவிந்திருக்கின்றன. அதில் "இலவசம்" மட்டும் உண்மை. நானும் இந்த மாதிரி ஒரு பதிலைப் படித்துவிட்டுத்தான் 2023 ஏப்ரலில், பள்ளி விடுமுறை வாரத்தில், அட்லாண்டாவிலிருந்து காரில் குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்பினேன். போன இடத்தில் என் அப்பாவை அரைமணி நேரம் தொலைத்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெற்றோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், ஆறு மாதம் தங்க வந்தவர்கள், வாரநாளெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து சன்னல் வழியே அணில் பார்ப்பவர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். என் வீட்டிலும் அதே கதைதான். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அவருக்கு எந்த ஊருக்குப் போனாலும் கோயில், கடல், மலை எல்லாம் அப்புறம்தான். முதலில் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த இடத்தின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். டிஸ்னி வேர்ல்டு என்பது ஒரு பூங்கா இல்லை. ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் நிலம், அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். மோனோரயிலுக்கு மொத்தம் ஆறே நிறுத்தங்கள். நான்கு பூங்காக்களில் மேஜிக் கிங்டம், எப்காட் இரண்டுக்குத்தான் அது போகும். ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்குப் போகாது, அனிமல் கிங்டம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. 2019 முதல் ஓடும் ஸ்கைலைனர் என்ற ரோப்கார், எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் சில ஹோட்டல்களையும் இணைக்கிறது. அனிமல் கிங்டத்துக்குப் பஸ் அல்லது கார், வேறு வழியே இல்லை.

மேஜிக் கிங்டத்துக்கு முன்னால் ஒரு செயற்கை ஏரி இருக்கிறது. மோனோரயில் அந்த ஏரிக்கு அரைஞாண் கட்டின மாதிரி ஒரு வட்டம். அரைஞாணில் இரண்டு சரடு. ஒன்று எக்ஸ்பிரஸ். டி.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பார்க்கிங் பக்க நிலையத்தில் ஏற்றி, மேஜிக் கிங்டத்தில் இறக்கும், வேறெங்கும் நிற்காது. இன்னொன்று ரிசார்ட் வண்டி. டி.டி.சி., பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன், மேஜிக் கிங்டம், கான்டெம்பரரி, மறுபடி டி.டி.சி. என்று ஹோட்டல் ஹோட்டலாக நின்று போகும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். ஆனால் ஒவ்வொன்றும் எப்போதும் ஒரே திசைதான். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், என் தலையெழுத்தே இதில்தான் இருந்தது. எப்காட்டுக்கு 1982இல் போட்ட தனி வழி ஒன்று டி.டி.சி.யிலிருந்து வால் மாதிரி நீளும், அதற்கு வண்டி மாற வேண்டும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் தங்கியது கிஸிமியில், ரிசார்ட்டுக்கு வெளியே. மோனோரயில் ஓடும் அந்த மூன்று ஹோட்டல்களின் ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டால் அப்பா அப்படியே திரும்பி விமான நிலையத்துக்கு நடந்திருப்பார். காரை மேஜிக் கிங்டம் பார்க்கிங்கில் விட்டோம். அப்போது 25 டாலர், அதன் பிறகு 30 ஆக்கிவிட்டார்கள். பார்க்கிங் பகுதிகளுக்கே டிஸ்னி கதாபாத்திரங்களின் பெயர்தான், நாயகர்கள் ஒரு பக்கம், வில்லன்கள் ஒரு பக்கம். எங்களுக்குக் கிடைத்தது வில்லன் பக்கம், கேப்டன் ஹூக். அங்கே பையைச் சோதித்து அனுப்பினார்கள், எக்ஸ்பிரஸில் ஏறினோம். காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வண்டி கான்டெம்பரரி ஹோட்டலை நிற்காமல் கடந்தபோது அம்மா தூக்கக் கலக்கத்தில் இருந்தார், அப்பா என் மகனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அதுதான் வினையாக முடிந்தது.

ராத்திரி வாணவேடிக்கை முடிந்ததும் சித்திரைத் திருவிழாக் கூட்டம் மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்குத் திரும்பினார்கள். அம்மாவுக்கு எடுத்திருந்த சக்கர நாற்காலியை வாசலில் திருப்பிக் கொடுத்தாயிற்று. (அப்பா நாற்காலி வேண்டாம் என்று விட்டார். மானம்.) எக்ஸ்பிரஸ் வரிசை வாசல் வரை நெளிந்து கிடந்தது. நான் புத்திசாலித்தனமாக, ரிசார்ட் வண்டியில் ஏறினால் நடுவில் கான்டெம்பரரி ஒன்றுதான், அடுத்தது டி.டி.சி. என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. வரிசையும் பாதிதான். நீங்களும் அதையே செய்யுங்கள். ஆனால் கூட இருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் சொல்லவில்லை.

வண்டியில் அம்மாவுக்கும் என் மனைவிக்கும் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்ட பையன் என் தோளில். அப்பா கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றார். நாற்பது வருஷப் பழக்கம், அவருக்குக் கதவோரம்தான் வரும்.

கான்டெம்பரரி ஹோட்டலில் வண்டி வெளியே நிற்காது. கட்டடத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். ஆங்கில A எழுத்து மாதிரி சரிந்த சுவர்கள், உள்ளே ஆகாசம் வரைக்கும் கூடம், கீழே சாப்பாட்டுக் கடை, இரண்டு பக்கமும் மாடி மாடியாக அறைகள், நடுவில் ரயில். விளக்கு வெளிச்சம், கூட்டம், பெரிய கூரை. சென்னை சென்ட்ரலைப் பார்த்த ஒருவருக்கு இதுதான் கடைசி நிறுத்தம் என்று தோன்றாமல் வேறென்ன தோன்றும்? அப்பா இறங்கிவிட்டார். பின்னாலேயே நாங்கள் வருகிறோம் என்று நினைத்திருக்கிறார். கதவு மூடப்போவதாக இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் அறிவிப்பு ஓடியது. அம்மா நிமிர்ந்து பார்த்து, வண்டியே அதிரும்படி "ஹோல்டான்!" என்று கத்தினார். நடத்துநர் பெண்டாட்டி, வேறென்ன கத்துவார். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, கையில் பேரனுடைய தண்ணீர் பாட்டிலோடு.

அவரிடம் போன் இருந்தது, ஆனால் இந்த ஊர் சிம் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கமெண்டில் கேட்க வேண்டாம். வாங்கித் தருகிறேன் என்று மூன்று முறை சொன்னேன். "நான் யார்கூடப் பேசப்போறேன்" என்றார்.

டி.டி.சி.யில் இறங்கினோம். மனைவியையும் அம்மாவையும் பையனோடு அங்கே உட்காரவைத்துவிட்டு, நான் அடுத்த ரிசார்ட் வண்டியில் தாவி ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது: வண்டி திரும்பிப் போகாது! கான்டெம்பரரி எனக்குப் பின்னால் ஒரே ஒரு நிறுத்தம். நானோ பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன், மேஜிக் கிங்டம் என்று ஏரியை முழுக்கச் சுற்றிக்கொண்டு போய் அதை அடைய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து, தள்ளுவண்டிக் குழந்தைகள் ஏறி, கதவு மூடி... கிராண்ட் ஃபுளோரிடியனின் வெள்ளை மாளிகையும் சிவப்புக் கூரையும் விளக்கொளியில் அவ்வளவு அழகாம். எனக்கு நினைவே இல்லை, மற்றவர்கள் எடுத்த படத்தில்தான் பார்த்தேன்.

இருபது நிமிஷம் கழித்து கான்டெம்பரரி மேடையில் இறங்கினேன். அப்பா இல்லை. அந்தக் கூடத்தின் நடுவில் 90 அடி உயரத்துக்கு ஒரு ஓட்டுச் சித்திரம் இருக்கிறது, மேரி பிளேர் என்ற ஓவியர் செய்தது. அதில் ஒரு ஆட்டுக்கு ஐந்து கால். வேண்டுமென்றே அப்படிப் போட்டது, ரயில் பக்கத்திலிருந்து தெரியும். நான் அந்த ஆட்டைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்கும்போது மனைவியின் போன் வந்தது.

"என்னங்க, மாமா இங்க வந்து பத்து நிமிஷம் ஆச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

அப்பா செய்தது இவ்வளவுதான். இறங்கினார், நாங்கள் இல்லை. அடுத்த வண்டி வந்தது. அது எங்கள் வண்டி போன பக்கமே போனது. ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. "காலையிலேயே பார்த்தேன்டா. ஒரு தண்டவாளத்துல ஒரு திசைதான் ஓடுறான். சர்க்குலர் பஸ். இறங்கினவன் அடுத்த வண்டியில ஏறினா, முன்னால போனவன் இறங்கின இடத்துக்குத்தானே போவான்? நீ ஏன் சுத்தப் போனே?" எம்.சி.ஏ. படித்துவிட்டு இங்கே பதினான்கு வருஷமாக மென்பொருள் எழுதுகிற என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் இல்லை.

இதை என் மனைவி விளையாட்டாகக் குடும்பக் குழுவில் போட்டாள்: பெஞ்சில் அப்பா, "மாமா தொலைஞ்சு கிடைச்சுட்டார்" என்று. அடுத்த பத்தாவது நிமிஷம் ஊரிலிருந்து அக்கா. வயசான மனுஷனை நட்டநடு ராத்திரியில் அனாதையாக விட்டேனாம், பொறுப்பில்லையாம், அவள் கூட இருந்திருந்தால் கையைப் பிடித்தே நடத்தியிருப்பாளாம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது ஊட்டியிலிருந்து ரோஜாப்பூப் படமாக அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான். நான்தான் லீவு போட்டு, டிக்கெட் போட்டு ஓடினேன். சொட்டு மருந்து அட்டவணை இன்னும் என் போனில் இருக்கிறது. இதை அங்கே சொன்னால் சண்டை வரும், அதனால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். விடுங்கள்.

மறுநாள் அப்பா பூங்காவுக்குள் வர மாட்டேன் என்றார். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் டிக்கெட், வெயில் வேறு. மனைவியும் பையனும் உள்ளே போனார்கள். நான், அப்பா, அம்மா மூன்று பேரும் மோனோரயிலில் மட்டும் சுற்றினோம். இதுதான் நான் உங்களுக்கு உருப்படியாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம்: மோனோரயிலில் ஏறப் பூங்கா டிக்கெட் வேண்டாம். ஏசி இருக்கிறது. ஒவ்வொரு ஹோட்டலாக இறங்கி, வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். எப்காட் வழியில் வண்டி பூங்காவுக்குள்ளேயே ஒரு சுற்று போகும், அந்தப் பெரிய வெள்ளி உருண்டையைக் காசில்லாமல் பார்த்துவிடலாம். அம்மாவுக்கு ஐந்து கால் ஆட்டைக் காட்டினேன். "கோயில் வாசல்ல கட்டி வெச்சா உண்டியல் நிறையும்" என்றார்.

கவனிக்க வேண்டியது நிலையங்களின் சாய்தளம். டி.டி.சி.யிலும் மேஜிக் கிங்டத்திலும் மேடைக்கு ஏறும் சரிவு நீளமானது, மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவே பாதி உயிரை வாங்கிவிடும். அப்படியானால் டி.டி.சி.யிலிருந்து படகில் போங்கள். ஒரு படகில் 600 பேர் போகலாம், கூட்டம் சட்டென்று கரையும். கான்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே பத்து நிமிஷம்தான். தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால் மோனோரயிலில் மடக்க வேண்டாம், 2023இல் பஸ்ஸில் மடக்கியே ஆக வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு அந்த வண்டி பிடித்துப்போனது. ரப்பர் டயர் என்று தெரிந்ததும் அதிலேயே பாதி நாள் போயிற்று. 1971இல் ஓடத் தொடங்கியது என்றேன். அந்தக் காலத்து வண்டி இரண்டை மாற்றிய பிறகு லாஸ் வேகஸில் வாங்கி 1995இலிருந்து ஓட்டினார்கள் என்றதும், "கண்டம் ஆன வண்டிக்கு இவ்வளவு மவுசா" என்றார். அப்புறம் சித்தப்பா கதைக்குப் போய்விட்டார். 2011இல் சென்னைக்கு மோனோரயில் வருகிறது, வண்டலூர் – வேளச்சேரி ஒரு வழித்தடம் என்று பேப்பரில் படித்து, மேடவாக்கம் பக்கம் கடன் வாங்கி அரை கிரவுண்டு போட்டவர் சித்தப்பா. ஒரு தூண்கூட எழும்பவில்லை. "அவனைக் கூட்டிட்டு வந்து இதுல ஒரு நடை ஏத்தணும்டா" என்றார் அப்பா.

"பழைய டப்பா, அதில் போய் என்ன இருக்கிறது" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் டிஸ்னி பக்தனும் இல்லை. கார் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நாளை மோனோரயிலுக்கு என்று ஒதுக்குங்கள். பெற்றோர் சட்டைப்பையில் உங்கள் எண்ணை எழுதிய தாள் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

நானும் அப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தேன், இரண்டாம் நாளாவது. ஊருக்குப் போகும்போது அதைத் திருப்பித் தந்தார். என் எண்ணுக்குக் கீழே, டிரிப் ஷீட் எழுதும் அதே கையெழுத்தில், ஆறு நிறுத்தங்களும் வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரத்தோடு வரிசையாக இருந்தன. கான்டெம்பரரிக்கு நேராக மட்டும் நேரம் இல்லை. "பார்க்க மட்டும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.