கடலைப் பூசணம், கல்லீரல், கீரை: கேள்வி பதில்

கடலையில் நாலைந்து பருப்பு கசந்தது. வறுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. பூசணம் விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுக்கிற சூட்டில் முழுதாக அழியாது. சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வீணாகிறதே என்று மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள், நஞ்சு உருமாறிப் பாலில் வந்துவிடும்.

அந்த நஞ்சு நம் உடலின் செல்லை எப்படிக் கெடுக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், வேலையைக் கெடுப்பது நம் கல்லீரலேதான். நஞ்சை வெளியேற்றப் பார்க்கும் நொதிகள் அதை எபாக்சைடு என்ற துடிப்பான வடிவமாக மாற்றுகின்றன. அது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானைனில் போய் ஒட்டிக்கொள்ளும். நஞ்சு ஒட்டிய அந்தத் துண்டைச் செல் வெட்டி எறிந்தால் சிறுநீரில் போய்விடும். தப்பியது எழுத்துப் பிழையாக நிலைத்துவிடும். ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

தினமும் கீரை சாப்பிடுகிறேன். பச்சையம் காப்பாற்றுமா?

சீனாவில் ஷாங்காய்க்கு வடக்கே சிடோங் என்ற பகுதி, கல்லீரல் புற்றுநோய் மிகுந்த ஊர். அங்கே 180 பேரில் ஒரு பாதிக்கு மூன்று வேளையும் சாப்பாட்டோடு 100 மில்லிகிராம் குளோரோஃபிலின் கொடுத்தார்கள், 4 மாதம். மாத்திரை எடுத்தவர்களின் சிறுநீரில் அந்த வெட்டுத் துண்டு மற்றவர்களைவிட 55% குறைவு. குடலிலேயே நஞ்சைப் பிடித்துவைத்து உள்ளே போகவிடாமல் செய்ததுதான் காரணம் என்று கருதுகிறார்கள். ஆனால் குளோரோஃபிலின் என்பது பச்சையத்தில் மெக்னீசியத்தை எடுத்துச் செம்பை வைத்துச் செய்த பொருள், உங்கள் முருங்கைக்கீரை அல்ல. புற்றுநோய் குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவும் இல்லை. கீரையைச் சாப்பிடுங்கள், அதை நம்பிப் பூசணக் கடலையைச் சாப்பிடாதீர்கள்.

ப்ரோக்கோலி?

அதிலிருந்து உருவாகும் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் கல்லீரலின் நஞ்சு நீக்கும் நொதிகளைக் கூட்டுகிறது. இவை மேலே சொன்ன, எபாக்சைடை உண்டாக்கும் நொதிகள் அல்ல, வேறு. நறுக்கிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு வேகவையுங்கள், அப்போதுதான் அது உருவாக நேரம் கிடைக்கும். வெந்துவிட்டதா? மேலே ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுத்தூள் தூவினால் சல்ஃபோராஃபேனை உருவாக்க வேண்டிய நொதி கிடைக்கும். தாளித்த கடுகில் அது இருக்காது, சூட்டில் செத்துவிடும்.

பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கலாமா? அப்பா பீடி பிடிப்பார்.

வேண்டவே வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வந்த முடிவில் அதை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18% கூடியிருந்தது.

அறுவடைக் கடலையை எவ்வளவு காயவைப்பது?

காயைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். அப்புறம் மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.