சூடான பிறகும் பழைய டிரக்கின் ஐடிலிங் 1,500-ஐ விட்டு இறங்கவில்லை, என்ன செய்வது?

கேள்வியில் சொன்னது பெட்ரோல் இன்ஜின், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள பழைய பிக்கப் டிரக். முதலில் ஒன்று: இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். ஐடிலிங், அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், குறைய அதைத் திருகினால் கோளாறு அப்படியே இருக்கும், திராட்டில் சென்சாரின் அளவும் சேர்ந்து மாறிவிடும்.

குளிர்ந்த இன்ஜின் நிமிடத்துக்கு 1,200, 1,500 சுற்று என்று ஓடுவது இயல்பு. சூடேறியதும் பெரும்பாலான இன்ஜின்களில் 650 முதல் 850-க்குள் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது. எந்த வழியாக என்பதைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். பெடலை யாரும் மிதிக்காதபோது கேபிள் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். திராட்டில் லீவரைக் கையால் மூடும் பக்கம் அழுத்துங்கள். ஐடிலிங் இறங்கினால் கேபிள் இறுகியிருக்கிறது, அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது திராட்டில் தகட்டின் ஓரத்தில் கரி படிந்திருக்கிறது.

அடுத்த சோதனைதான் முக்கியம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு அடை வையுங்கள். ஃபேன் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. காற்றுக் குழாயைக் கழற்றி, பிசிவி ஹோஸை (இன்ஜின் அடிப்பகுதியின் புகையை மீண்டும் உள்ளே இழுக்கும் குழாய்) இடுக்கியால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, திராட்டில் வாயைத் தடித்த ரப்பர் தகட்டால் முழுதும் மூடுங்கள். வெறும் உள்ளங்கை வேண்டாம், உறிஞ்சல் பலமாக இருக்கும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில் குழாயைக் கழற்றினாலே இன்ஜின் நின்றுவிடும். அதில் ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயை மூடிப் பாருங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் காற்று திராட்டில் பாடி வழியாகவோ, திராட்டில் மூடியிருக்கும்போது ஐடிலிங்குக்கான காற்றை விடும் ஐடில் வால்வு வழியாகவோதான் போகிறது. அணையாமல் ஓடினால் வேறெங்கோ லீக்.

லீக் என்றால் பிரேக் பூஸ்டர் ஹோஸ், வெடித்த சின்ன வேக்கம் குழாய்கள், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் என்ற வரிசையில் தேடுங்கள். ஹோஸை ஒவ்வொன்றாக நசுக்கும்போது எதில் ஐடிலிங் சட்டென்று இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் கோளாறு. பிசிவி ஹோஸை நசுக்கினால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. நூற்றுக்கணக்கில் இறங்கினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. கேஸ்கட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஓட்டத்தில் மாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில் இவற்றின் மேல் படக் கூடாது. கார்ப் கிளீனர் தெளிப்பவர்கள் உண்டு, சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் அது தீப்பிடிக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோளாறு ஐடில் வால்வில் என்றால் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் கரியைக் கிளீனரால் கரைத்து, நன்றாக உலரவிட்டு, புதுக் கேஸ்கட்டுடன் மாட்டுங்கள். அதன் ஊசியைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளிருக்கும் மரை கெட்டுவிடும். மாட்டும்போது பேட்டரி இணைப்பைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பழைய அளவை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

வால்வு சுத்தமாக இருந்தும் இறங்கவில்லையா? இன்ஜின் குளிர்ந்தே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கலாம். வெப்ப சென்சாரை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பரவலான வகைகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,500 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் காட்டும். சூட்டிலும் ஆயிரக்கணக்கில் நின்றால் மாற்றிவிடுங்கள். கூலன்ட் குறைந்து சென்சார் காற்றுக்குமிழியில் நின்றாலும், தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கிக்கிடந்தாலும் இதே தொல்லை வரும். சென்சார் வாங்கும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு.

ஸ்டாப் ஸ்க்ரூவை ஏற்கெனவே யாரோ திருகியிருந்தால், தகடு துளைச் சுவரில் சிக்காமல் மூடும் இடம்வரை பின்வாங்கி வையுங்கள். பிறகு திராட்டில் சென்சாரின் சிக்னல் வயரில், மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சரியான அளவு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.