கிரேடு 10-இல் வரலாறும் புவியியலும்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகள் கிரேடு 9 முடிக்கப் போகிறாள், வரலாறும் புவியியலும்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். “இதைப் படித்தால் சோறு போடுமா?” என்ற உங்கள் கேள்வி நியாயமானது. வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் இருக்கும்போது யாருக்கும் வரும் பயம் அது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மேட்ரிக்கில், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வில், ஏழு பாடங்கள். இரண்டு மொழி, கணிதம் அல்லது மேத்தமெட்டிக்கல் லிட்டரசி என்கிற எளிய அன்றாடக் கணக்கு, லைஃப் ஓரியண்டேஷன் என்கிற வாழ்க்கைத் திறன் பாடம் என நான்கு கட்டாயம். மீதி மூன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டை அவள் தேர்ந்துவிட்டாள், இன்னும் ஓர் இடம் பாக்கி.

அவளுக்கு மருத்துவம், பொறியியல் என்று ஆசை இருந்தால் அந்த இடம் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பிசிக்கல் சயின்ஸுக்கே போக வேண்டும். இல்லையென்றால் அக்கவுண்டிங்கோ லைஃப் சயின்ஸோ போதும். ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: அவள் கணிதத்தை விடக் கூடாது. மதிப்பெண் நன்றாக வரும் என்று மேத்தமெட்டிக்கல் லிட்டரசிக்கு மாறிய பிள்ளைகள் பலர், பிறகு நில அளவை, வணிகம் என்று விண்ணப்பிக்கப் போய் ஏமாந்து வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வரலாற்றை எடுத்ததால் அழுத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சரி, இந்த இரண்டு பாடத்தில் அப்படி என்ன இருக்கிறது? உங்கள் மகள் கிரேடு 8-இலேயே ஒப்பந்தக் கூலிகளின் வரலாற்றைப் படித்திருப்பாள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். தேதியும் எண்ணும் மட்டும் தெரிந்தால் அது மனப்பாடம். ஏன் டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள் என்று கேட்டால் கரும்பு என்பார்கள். கரும்பு ஏன் இங்கே விளைந்தது? கரையோரமாக ஓடும் வெதுவெதுப்பான அகுல்ஹாஸ் நீரோட்டம் இந்தப் பக்கத்துக்கு வெப்பமும் ஈரமும் தருகிறது. மேற்குக் கரையில் ஓடுவது குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம், அங்கே நமீப் பாலைவனம். நம் பாட்டன், பூட்டன் கப்பலேறிய கதையில் கடல்நீரின் சூட்டுக்கும் பங்கு இருக்கிறது. இதைத் தானே கோர்த்துப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டு பாடமும் ஒன்றாகவே தெரியும்.

அந்தக் கப்பல்களின் பதிவேட்டுப் பக்கம் ஒன்றை மாணவர்களிடம் காட்டுவது என் வழக்கம். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இதை எழுதியது யார், எதற்காக எழுதினார், எதை விட்டுவிட்டார் என்று கேட்பேன். மேட்ரிக் வரலாற்றுத் தாளில் ஆவணம் கொடுத்துக் கேட்கும் கேள்விகளும் இதே வகைதான். வழக்கறிஞர், பத்திரிகையாளர், ஆவணக் காப்பாளர் மூவரின் அன்றாட வேலையும் இதுவே.

புவியியலில் 1:50 000 வரைபடம் வரும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் ஓடும், அவை நெருங்கிக் கிடந்தால் சரிவு செங்குத்து. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவுகளிலும் ஆற்றங்கரைகளிலும் இருந்த வீடுகள் மண்ணோடு போயின. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடம் பார்த்துச் சொல்லும் ஆட்கள் நகராட்சிக்கு வேண்டும். நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, ஜிஐஎஸ் என்கிற கணினி வரைபடத் துறை, வானிலை, ஆசிரியர் பணி என்று வழிகள் பல. வானிலை ஆய்வுக்குக் கணிதத்தோடு இயற்பியலும் வேண்டும், அதை மறைக்க மாட்டேன்.

இவளுக்கு இது ஒத்துவருமா என்று கண்டுபிடிக்க மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அவள் எழுதிய வரலாற்றுப் பத்தி ஒன்றை வாங்கிப் படியுங்கள். பாடநூல் வரியை அப்படியே எழுதியிருக்கிறாளா, ‘ஏனென்றால்’ என்று தானே காரணம் சொல்லியிருக்கிறாளா? காரணம் சொல்லியிருந்தால் தடுக்காதீர்கள். மனப்பாடத்தில்தான் மதிப்பெண் வாங்குகிறாள் என்றால், மேட்ரிக்கில் நீண்ட கட்டுரை எழுதும்போது திணறுவாள். அப்போது வரலாற்றை விட்டுப் புவியியலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எந்தப் பாடத்தோடு எந்தப் பாடத்தைச் சேர்த்துத் தருகிறார்கள் என்ற பட்டியலைப் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்குங்கள். பல பள்ளிகளில் கால அட்டவணைதான் முடிவு செய்கிறது. வரலாறும் பிசிக்கல் சயின்ஸும் ஒரே நேரத்தில் விழுந்தால் இரண்டும் கிடைக்காது. அந்தப் பட்டியலையும் அவளுடைய கணித மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டி வாருங்கள், மூவருமாக உட்கார்ந்து பேசுவோம்.