இலங்கையின் ஹட்டனில் நோயாளி ஒருவர் மருந்துக்காகக் கஞ்சா வைத்திருக்கலாமா?

அம்மாவின் புற்றுநோய் வலிக்கு, கனடாவில் இருக்கும் மாமா கஞ்சா எண்ணெய் அனுப்பினால் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அங்குள்ள மருத்துவரின் சீட்டு இங்கே செல்லாது. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றிக் கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்கு, அனுமதி பெற்ற வழியில் மட்டும், சட்டம் இடம் தருகிறது. கடைகளில் இரகசியமாக விற்கும், கஞ்சா கலந்த மதன மோதக உருண்டை அதில் சேராது.

வலிக்கு வேறு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மோர்பின் கேளுங்கள். என் பெரியம்மா தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் சுவரைப் பற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மோர்பின் தொடங்கிய பிறகுதான் படுத்து உறங்கினார். அதன் மருத்துவச் சீட்டை எப்போதும் மருந்துடனேயே வைத்திருங்கள்.

எவராவது கைதானால், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் புரியாமல் கையொப்பமிட வேண்டாம். தோட்டத்து மக்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தமிழில் வாக்குமூலம் கொடுக்கக் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.