லிஃப்ட்டை விடுங்கள், வகுப்பைக் கீழே கேளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு வயது 20. பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு நடந்த விபத்தில் தண்டுவடம் அடிபட்டது, இப்போது சக்கர நாற்காலிதான். கல்லூரிக் கட்டடம் நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் போல உயரம் தூக்கிக் கட்டியது. வாசலில் ஏழு படி. வகுப்பும் ஆய்வுக்கூடமும் மாடியில். கூடப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிப் போகிறார்கள். போன மாதம் ஒரு பையனுக்குக் கால் வழுக்கி, மகள் படியில் சரிந்துவிட்டாள். முதல்வரைப் பார்க்கப் போனோம். இரண்டு மணி நேரம் காக்கவைத்து, “தொலைநிலைக் கல்விக்கு மாற்றிக்கொள்ளுங்கள், டி.சி. இன்றைக்கே தருகிறோம்” என்றார். அந்தக் கல்லூரிக்கு நிலம் கொடுத்ததே என் மாமியார் வீட்டார்தான். ஆண்டு விழாவில் பேத்தி பரிசு வாங்குவதைப் பார்க்க வந்த அப்பத்தாவும் படியேற முடியாமல் கீழே மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் போட வேண்டும், முதல்வர் மீது நடவடிக்கை வேண்டும், 10 லட்சம் நஷ்டஈடு வேண்டும். வழக்குப் போடலாமா? மகள் காலையில் கிளம்பினால் மாலை வீடு வரும்வரை தண்ணீரே குடிப்பதில்லை.
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் வழக்கு. மற்றதில் பெரும்பகுதி மனவருத்தம். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது.

நிலம் கொடுத்த கதையை மனுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கும் கொடுக்காத குடும்பத்துப் பிள்ளைக்கும் உரிமை ஒன்றுதான். அதை எழுதினால் உரிமை கேட்பது சலுகை கேட்பதாக மாறிவிடும். முதல்வர் பேசியதற்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவில் குற்ற வழக்கு நிற்காது. பலர் பார்க்கும் இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பேசியிருந்தால்தான் அந்தப் பிரிவு வரும். அறைக்குள் சொன்ன யோசனை அதில் அடங்காது. 10 லட்சத்தை மறந்துவிடுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மகளுக்கு இன்னின்னது வேண்டும் என்று கல்லூரிக்கு எழுத்தில் கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போனோம், சொன்னோம் என்றுதான் இருக்கிறது. தேதி போட்ட ஒரு தாள்கூட இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இரண்டு தனித்தனிக் கடமைகள் இருக்கின்றன. ஒன்று, கட்டடத்தை எல்லோருக்குமாகத் தடையின்றி அமைப்பது. மாணவர், ஊழியர், விழாவுக்கு வரும் அப்பத்தா எல்லோரும் இதில் வருவார்கள். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். மற்றொன்று, குறிப்பிட்ட ஒருவரின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்து கொடுப்பது. இதை மறுத்தால் அந்த மறுப்பே பாகுபாடு என்று 2ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மறுத்தார்கள் என்று சொல்ல, முதலில் கேட்டிருக்க வேண்டும். 2024 நவம்பர் 8ஆம் தேதி ரஜீவ் ரதூரி வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசியது.

இந்த இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். என்னிடம் வந்தவர்கள் விழுந்த குழி பெரும்பாலும் இதுதான். ஒரு மாணவருக்காக நானே ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு மனு எழுதினேன். லிஃப்ட், சாய்தளம், கழிப்பறை, வகுப்பு மாற்றம் எல்லாம் ஒரே தாளில். கல்லூரியின் பதில் லிஃப்ட்டுக்கு மட்டும் வந்தது: மதிப்பீடு தயாராகிறது, நிர்வாகக் குழு ஒப்புதலுக்கு வைத்திருக்கிறோம், நிதி வந்ததும் வேலை தொடங்கும். நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று பதிவாகி மனு முடிந்துபோனது. வகுப்பைக் கீழே மாற்றுவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன் கடைசிப் பருவத் தேர்வையும் மாடியில்தான் எழுதினான், நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய். அந்த மனுவின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன்.

லிஃப்ட் கேட்டால் கல்லூரிக்குச் சொல்ல ஒரு வாதம் இருக்கிறது. நியாயமான ஏற்பாடு என்பதற்கு, அளவுக்கு மீறிய சுமையைச் சுமத்தாத ஏற்பாடு என்றுதான் சட்டமே விளக்கம் தருகிறது. பழைய கட்டடம், சுண்ணாம்புச் சுவர், தாங்காது என்பார்கள். அதே ரஜீவ் ரதூரி தீர்ப்பையும் உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். கட்டாயமற்ற பரிந்துரையாகவே இருக்கிறது என்று சொல்லி, கட்டட அளவுகோல்களைச் சொல்லும் 15(1)ஆம் விதியை நீதிமன்றம் அதில் செல்லாததாக்கியது. அப்புறம் எந்த அளவுகோல்படி கட்டச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் பதில் உண்டு. விதி போனாலும் 45ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. பொதுக் கட்டடம் என்றால் தனியார் கல்லூரியும் சேர்த்திதான். ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்குக் கொடுத்த 5 ஆண்டு கெடு 2022 ஜூனோடு முடிந்தது. அந்தப் பிரிவில் பழைய கட்டடத்துக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் இதையெல்லாம் வாதாடி முடிப்பதற்குள் மகள் பட்டம் வாங்கிவிடுவார்.

வகுப்பைக் கீழே கொண்டுவருவது சுமை என்று எந்தக் கல்லூரியும் வாதாட முடியாது. அதனால் இந்த மனுவில் மகளுக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். அவர் படிக்கும் பாடங்களின் வகுப்புகள் தரைத்தளத்தில் நடக்க வேண்டும். கீழே ஓர் அறையில் உட்கார்ந்தபடி செய்முறை செய்ய உயரம் குறைந்த மேசையும் தண்ணீர்க் குழாயும் வேண்டும். தேர்வு அறையும் கீழே. பருவத் தேர்வு பல்கலைக்கழகத்தினுடையது என்பதால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் கழிப்பறையை எழுதுங்கள். எட்டு மணி நேரம் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, போக இடமில்லை என்பதால். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டுகளை மனுவோடு இணையுங்கள். இல்லையென்றால் வழக்குக்காக இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள். கழிப்பறை கேட்கும்போது ‘தகுந்த வசதி’ என்று எழுதக் கூடாது. வெளிப்பக்கம் திறக்கும் மூன்றடிக் கதவு, வெஸ்டர்ன் பீங்கான், பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி, உள்ளே நாற்காலி திரும்ப இடம், வாசலில் படி இல்லாமை என்று அளவோடு எழுதுங்கள்.

சாய்தளமும் அப்படித்தான். படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் ஏழு படிக்கு மூன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 42 அடி நீளம் வேண்டும், நடுவே நின்று இளைப்பாறச் சமதளம் தனி. வாசலில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் திருப்பிக் கட்டலாம், அல்லது தாழ்வான பக்கவாட்டு வாசலைத் திறந்துவிடலாம். பத்தடிக்குச் சிமெண்ட் பூசி, மேலே வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்து, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் அதில் நடப்பவரே வழுக்கி விழுவார். ஆனால் சாய்தளம் அமைக்கப்பட்டது என்று கோப்பில் ஏறிவிட்டது.

கடிதம் போனதும் பேச்சுவார்த்தைக்கு ஆள் வரும். உங்கள் விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் வழியாக வீட்டுக்கே வரும். சமரசத்துக்குப் போங்கள். கூச்சம் வேண்டாம். ஏற்பாடுகளை எழுத்தில் ஏற்றுக்கொண்டால் வழக்கே தேவையில்லை. ஆனால் மூன்று தாள்களில் கையெழுத்துப் போடக் கூடாது. டி.சி. விண்ணப்பம் முதலாவது. மகள் மாணவியாக இருக்கும்வரைதான் இந்தக் கோரிக்கைக்கு உயிர். விலகியபின் நீதிமன்றம் போனால், ‘சொந்த விருப்பத்தின்பேரில்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்த வரியை உங்களிடமே நீட்டுவார்கள். ‘பாதுகாப்புக்கு நாங்களே பொறுப்பு’ என்ற உறுதிமொழி அடுத்தது. படியில் விழுந்தபிறகு எந்தக் கல்லூரியும் அதைத்தான் முதலில் கேட்கும். மூன்றாவது, வேலை முடியுமுன்னே திருப்தி என்று கொடுக்கும் கடிதம். பெரியவர்கள் முகத்துக்காக அதைக் கொடுத்தவர்கள் அடுத்த பருவத்தில் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போங்கள். அவருடையது பரிந்துரைதான். ஏற்காவிட்டால் கல்லூரி மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அப்போது கையில் தேதி போட்ட கடிதமும், அதற்கு வந்த பதிலோ பதிலே வராத ஆதாரமோ இருக்கும்.

லிஃப்ட்டையும் அப்பத்தாவையும் நான் மறக்கவில்லை. அது வேறு மனு, வேறு தாள், வேறு நாள். அதில் அப்பத்தாவே மனுதாரராக இருக்கலாம். அந்தக் கல்லூரியில் கால் முடியாத ஊழியர் யாராவது இருந்தால் அவருக்கும் தனி உரிமை உண்டு, அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மனு மெதுவாக நடக்கட்டும்.

இன்னொன்று. மனுவில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கக் கூடாது. மகள் மேஜர், மனுதாரர் அவர்தான். நீங்கள் எழுதிய இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் என்ன கேட்கிறார் என்று எங்கும் இல்லை. தோழிகளோடு அதே அறையில் உட்கார வேண்டும் என்கிறாரா, மதியம் நூலகம் போக வேண்டும் என்கிறாரா, யாரும் தூக்காமல் இருந்தால் போதும் என்கிறாரா? முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிற வரிசையிலேயே எழுதி, இந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.