சீட்டு கேட்கும் அண்ணனும் தலைவரின் கையெழுத்தும்

கேள்வி: என் அண்ணன் நீடாமங்கலம் பக்கத்தில் 20 வருடமாக ஒரு பெரிய கட்சியில் இருக்கிறார்; இப்போது ஒன்றியப் பொறுப்பு. சட்டமன்றத் தேர்தலில் சீட்டு கேட்கப் போகிறார். அதே தொகுதிக்கு இன்னும் ஏழெட்டுப் பேர் முட்டிமோதுகிறார்கள். தலைவரைத் தனியாகப் பார்க்க வைக்கிறேன் என்று சென்னையில் ஒருவர் 5 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? தலைவர் சம்மதம் வாங்க வேறு வழி என்ன?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இதேபோல வயலை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டிய ஒருவருக்கு நான் போலீஸ் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லை, சாட்சி இல்லை. அவர் கையில் மிஞ்சியது, தலைவருக்குச் சால்வை போடும்போது எடுத்த ஒரு போட்டோ. வரிசையில் நின்றால் யாருக்கும் கிடைக்கிற போட்டோ அது. அதை அவர் என் மேஜையில் வைத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

கட்சி வெளிப்படையாக வாங்கும் பணம் விருப்ப மனுக் கட்டணம்தான். 2021-இல் திமுக பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய் வாங்கியது, அதிமுக 15,000. அதைக் கட்டி, நேர்காணலுக்குப் போகட்டும்.

நேர்காணலில் சில நிமிடம்தான் கிடைக்கும். ‘நான் உழைத்தேன்’ என்று எல்லோருமே சொல்வார்கள். உங்கள் அண்ணன் கணக்கோடு போகட்டும். முந்தைய தேர்தலில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20-இல் இருக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். எந்தெந்த வாக்குச்சாவடியில் கட்சி பின்தங்கியது, அங்கே தனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

தலைவர் அந்தத் தாளை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார். மாவட்டச் செயலாளரைக் கேட்பார், தனியாக ஆள் விட்டும் விசாரிப்பார். விசாரிக்க வருபவர் டீக்கடையிலும் களத்துமேட்டிலும்தான் பேச்சுக் கொடுப்பார். கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்து முளைவிட்ட வாரம் அங்கே வந்து நின்றது யார்? கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது விவசாயிகளோடு நீர்வளத்துறை அலுவலகத்துக்குப் போனது யார்? அதற்கு ஊர் சொல்லும் பெயர் உங்கள் அண்ணன் பெயராக இருந்தால், 5 லட்சத்தைவிட அது பெரிது. அப்படிப் பெயர் இல்லையென்றால் இந்த முறை விட்டுவிட்டு, அடுத்ததற்கு இன்றே வேலையைத் தொடங்குவதே நல்லது என்பேன். மாவட்டச் செயலாளரைத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம்; சீட்டே கிடைத்தாலும் உள்ளடி வேலையில் தோற்றுப்போவார்.

அப்புறம், கூட்டணி. டெல்டாவில் சீட்டு கேட்பவர்கள் இதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் ஆக வேண்டும். 2021-இல் நாகை மாவட்டத்தின் மூன்று தொகுதிகளில் நாகப்பட்டினம் விசிக-வுக்கும் கீழ்வேளூர் மார்க்சிஸ்ட்டுக்கும் போய்விட்டன. திமுக நேரடியாக நின்றது வேதாரண்யத்தில் மட்டும். பாபநாசத்தில் மனிதநேய மக்கள் கட்சித் தலைவர் ஜவாஹிருல்லா உதயசூரியனிலேயே நின்று ஜெயித்தார். தொகுதி கைவிட்டுப் போன இரவில் கோபத்தோடு சுயேச்சையாக மனு போட்டு, 20 வருட உழைப்பை இழந்தவர்கள் உண்டு. அந்த ஒரு இரவு அண்ணன் பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

சரி, தலைவர் சம்மதித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பட்டியலில் பெயர் வந்ததும் வெடி வெடிப்பார்கள். சட்டத்துக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஏ ஃபாரமும் பி ஃபாரமும்தான். கட்சி சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று ஏ ஃபாரம் சொல்லும். சின்னம் எந்த வேட்பாளருக்கு என்று பி ஃபாரம் சொல்லும். இரண்டிலும் பேனா மையில் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். ரப்பர் ஸ்டாம்பு, ஜெராக்ஸ், வாட்ஸ்அப்பில் வந்த படம் எதுவும் செல்லாது. மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் அவை சேர்ந்திருக்க வேண்டும். அதுவரை கட்சி முந்தைய பி ஃபாரத்தை ரத்து செய்து வேறொருவருக்கும் கொடுக்கலாம். 2022 ஜூலை உள்ளாட்சி இடைத்தேர்தலில் அதிமுகவின் அப்போதைய இரு தலைவர்களும் சேர்ந்து கையெழுத்திடாததால், அக்கட்சிக்காரர்கள் இரட்டை இலை இல்லாமல் சுயேச்சைகளாக நிற்க வேண்டியதாயிற்று.

அதனால் கையெழுத்து வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை வழக்கு விவரம், சொத்து விவரத்தோடு இப்போதே தயாரிக்கட்டும். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை மனுத்தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தொடங்கியிருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி.

தலைமை இவரை மாற்று வேட்பாளராகப் போடவும் வாய்ப்பிருக்கிறது. ‘டம்மியா?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். முதல் வேட்பாளரின் மனு பரிசீலனையில் தள்ளுபடியானால், பி ஃபாரத்தில் மாற்றாகப் பெயர் உள்ளவருக்கே சின்னம் போகும். அதற்கு அவருடைய மனுவும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூட வெற்றாக விடாமல், பொருந்தாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள்.